சாத்திய சாளரம்

நெடுநல்வாடை என்று சொன்ன மாத்திரத்தில் நம் இலக்கியப் பண்டிதர்களுக்கு ஒரு வேப்பங்கொத்து ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. பாட்டின் கடைசிப் பகுதியில், நள்ளிரவில் போர்ப் பாசறையிலே அரசன் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு வருகிறான். முன்னே செல்பவன் ஒருவன் தன் வேலால் ஒவ்வொருவரையும் சுட்டிக் காட்டுகிறான். அந்த வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர்களின் அடையாளம். ஆகவே அரசன் பாண்டியன் என்று தெரிந்துவிடுகிறது. ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டால் பாட்டு அகம் ஆகாது, புறம்தான் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். 1889-ல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அவருடைய உரையோடு அச்சிட்டு வெளியிட்ட நாளிலிருந்து இந்தத் தீர்ப்பின் மேல் அப்பீலுக்கு மேல் அப்பீல் போய்க்கொண்டிருக்கிறது. அகம் என்பார் ஒரு கட்சி, புறம் என்பார் ஒரு கட்சி, இரண்டும் என்பார் மூன்றாவது கட்சி.

இந்த வழக்கில் சாட்சியாகக் கூப்பிட வேண்டிய ஒரு பொருளைக் கட்சிக்காரர்கள் அநேகமாகக் கூப்பிடுவதில்லை. 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டின் நடுவே, நகரத்து மாடி வீடுகளைச் சொல்லும் இடத்தில், ஒரு சாளரம் வருகிறது. வேனிற்காலத்தில் படுக்கை அறைக்குத் தென்றலைக் கொண்டுவந்து தருகிற சாளரம் அது. இப்போது கூதிர் காலம். அதனால் நன்றாகப் பொருந்திய அதன் கதவுகள் சாத்தித் தாழிடப்பட்டிருக்கின்றன. இவ்வளவுதான் செய்தி. ஐந்தாறு வினாடிகளில் படித்துத் தாண்டிவிடலாம். ஆனால் பழைய வீட்டிலே குடியிருப்பவர்களால், அதுவும் திருவண்ணாமலையைப் போன்ற ஊரில் குடியிருப்பவர்களால், அப்படிச் சுலபமாகத் தாண்டிவிட முடியாது. கார்த்திகை பிறந்தால் அவர்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான்.

திருவண்ணாமலையின் மாட வீதிகளிலும், அவற்றிலிருந்து பிரியும் சந்துகளிலும் இன்னும் சில பழைய வீடுகள் பாக்கி இருக்கின்றன. சுண்ணாம்புச் சுவர், உள்ளே முற்றம், கட்டை குத்திய மச்சு. சுவரின் உச்சியில், மச்சுக்கு ஒரு முழம் கீழே, வரிசையாகச் சில ஓட்டைகள். கொஞ்சம் வசதியாகக் கட்டியவர்கள் அதில் மரச் சட்டமும் கம்பியும் வைத்திருப்பார்கள். ஜனங்கள் இதை வென்டிலேட்டர் என்று சொல்கிறார்கள். சித்திரையில் இதைக் கட்டியவரை வாழ்த்துவார்கள். மார்கழியில் அவரையே வைவார்கள். மழைச் சாரல் அதன் வழியாகத்தான் வரும். புறா அதில்தான் கூடு கட்டும். பேய்க்கோபுரத்துப் பக்கம், மலையை ஒட்டினாற்போல் இருக்கும் வீடுகளில், கம்பி இல்லாவிட்டால் குரங்கும் அதன் வழியாகத்தான் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக வாடைக்காற்று. கட்டிலை எங்கே நகர்த்திப் போட்டாலும் அது தேடிக்கொண்டு வந்து கழுத்தின் மேல் விழும்.

இதற்கு வீடுகளில் நடக்கும் வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் வருஷம் பழைய வேட்டியைச் சுருட்டி ஓட்டையில் அடைப்பார்கள். அடுத்த வருஷம் அட்டை, அதற்கடுத்த வருஷம் கோணி. கடைசியில், ஒரு நல்ல நாள் பார்த்துக் கொத்தனாரைக் கூப்பிட்டு நாலு செங்கல்லை வைத்துப் பூசிவிடுவார்கள். இப்போது குளிர்சாதனப் பெட்டி வைக்கிறவர்கள் முதலிலேயே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதோடு கதை முடிந்தது என்று நினைத்தால், முடிவதில்லை. ஆடி மாதத்தில் சுவர் ஓரத்து அலமாரியில் இருக்கும் புஸ்தகங்களில் பூஞ்சை பூக்கும். சமையல் புகையும் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் மச்சுக் கட்டையிலே தங்கும். "இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது" என்று யாராவது சொல்லத் தொடங்குவார்கள்.

இந்தச் சின்ன விவகாரத்தை இலக்கியக் கட்டுரையில் ஏன் கொண்டுவருகிறேன் என்றால், நக்கீரர் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. காற்று வரும் வழியைப் பற்றிப் பழந்தமிழர்களுக்கு மொத்தத்திலேயே தெளிவான ஞானம் இருந்திருக்கிறது. நாம் ஜன்னல் என்று சொல்வது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். அதற்கு முன்னே நம்மிடம் காலதர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் மானின் கண்ணைப் போன்ற காலதர்கள் உள்ள மாளிகைகளைக் காட்டுகிறது. பலகணி என்பது பல கண்களை உடையது. ஆங்கிலத்தில் ஜன்னலைக் குறிக்கும் விண்டோ என்ற சொல்லும் பழைய வடநாட்டு ஐரோப்பிய பாஷையில் காற்றின் கண் என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, இரண்டு கோடியிலும் மனிதர்கள் சுவரில் ஓட்டை போட்டபோது முதலில் வெளிச்சத்தை நினைக்கவில்லை; காற்றைத்தான் நினைத்தார்கள்.

காற்றிலும் நம்மவர்கள் திசை பார்த்துப் பெயர் வைத்தார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வீட்டுக்கு நாலு சுவர் என்றால் நாலு சுவருக்கும் நாலு விருந்தாளிகள். எல்லோரையும் ஒரே மாதிரி வரவேற்க முடியாது. திருவண்ணாமலை நகரம் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்குச் சுவருக்கு எதிரே கிட்டத்தட்ட 2,700 அடி உயரமுள்ள பாறை நிற்கிறது. கோடையில் பகலெல்லாம் வெயில் குடித்த அந்தப் பாறை ராத்திரியில் அதைத் திருப்பிக் கொடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழையும் காற்றும் வரும். இந்த ஊரில் வீடு கட்டிய பழைய கொத்தனாருக்குப் பாட்டுத் தெரியுமோ தெரியாதோ, திசை தெரிந்திருக்க வேண்டும்.

இனி பாட்டுக்கு வருவோம். தொடக்கத்தில் மழை பெய்கிறது. தாழ்ந்த நிலத்தை வெள்ளம் சூழ்ந்துகொள்ள, இடையர்கள் மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பழகிய இடத்தை விட்டு வந்த துக்கம் வேறு. கையில் நெருப்பை வைத்துக் காய்ந்துகொண்டும் கன்னம் அடித்துக்கொள்ள நடுங்குகிறார்கள். ஆடுமாடுகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்குகள் ஒடுங்குகின்றன. பறவைகள் விழுகின்றன. கறவை மாடுகள் கன்றுகளையே உதைத்துத் தள்ளுகின்றன. குன்றையே குளிரச் செய்வது போன்ற நடுயாமம் என்கிறார் கவி. இதை வெறும் அலங்காரம் என்று சொல்பவர், கார்த்திகை மாதத்து ராத்திரியில் கிரிவலப் பாதையில் ஒரு நடை நடந்து பார்க்கலாம். நனைந்த குரங்குகள் பாறை இடுக்கில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதையும், மலை முழுவதும் ஒரு பெரிய ஈரமான உடம்பைப்போல் கிடப்பதையும் கண்டால், கவி மிகையாக ஒன்றும் சொல்லவில்லை என்று தெரியும்.

பிறகு பாட்டு நகரத்துக்குள் நுழைகிறது. இங்கேதான் நக்கீரருடைய சாமர்த்தியம் தொடங்குகிறது. நகரத்தில் என்ன நடக்கிறது என்று அவர் சொல்வதைக் காட்டிலும், என்ன நடக்கவில்லை என்று சொல்வதுதான் அதிகம். வானம் மூடிக் கிடப்பதால் பொழுது போனது தெரியவில்லை. பெண்கள் பிச்சி மொட்டு விரிவதை வைத்து மாலை வந்துவிட்டது என்று கண்டுபிடித்து விளக்கேற்றுகிறார்கள். வீட்டுப் புறா தன் பெடையோடு வெளியே இரை தேடப் போகவில்லை. இரவா பகலா என்று புரியாமல் மாடத்துப் பலகையிலேயே மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது. சந்தனம் அரைக்கிற கல் சும்மா கிடக்கிறது. கைதேர்ந்த கம்மியன் செய்த விசிறி மடக்கி முளையில் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. குறுகிய வாயுள்ள குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தை யாரும் தொடுவதில்லை. இந்த வரிசையில்தான் அந்தச் சாளரமும் வருகிறது. பயன்படாமல் இருக்கும் பொருள்களின் பட்டியல் இது.

இந்தப் பட்டியலைச் சிலர் வர்ணனை என்று சொல்லிப் பாராட்டுவார்கள். வேறு சிலர் வர்ணனை என்று சொல்லிக் குறை கூறுவார்கள். இரண்டு பேரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. சாளரத்தைச் சொல்லும்போது கவி அதைச் 'சாத்திய சாளரம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேனிலில் தென்றல் தருவது என்று அதன் நல்ல நாளைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அது சாத்தியிருப்பதைச் சொல்கிறார். அதாவது, மூடிக் கிடக்கும் ஒரு பொருளை அது திறந்திருந்தபோது செய்த உபகாரத்தைக் கொண்டு அடையாளம் காட்டுகிறார். படிப்பவன் மனத்திலே ஒரே சமயத்தில் இரண்டு காற்று வீசுகிறது. தெற்கிலிருந்து ஒன்று, ஞாபகத்தில். வடக்கிலிருந்து ஒன்று, கதவுக்கு வெளியே.

இதே முறையில்தான் அவர் அரசியையும் காட்டப்போகிறார். முத்தாரம் கிடந்த மார்பில் இப்போது பின்னல் கலைந்த கூந்தல்தான் விழுந்து கிடக்கிறது. பொன் வளையல் அழுந்திய தழும்புள்ள முன்கையில் இப்போது சங்கு வளையும் காப்பு நூலும். வண்ணம் தீட்டாத சித்திரம் போல அவள் இருக்கிறாள். அவளுக்கு என்ன இல்லை என்று சொல்லிச் சொல்லியே அவளிடம் முன்பு என்ன இருந்தது என்று நமக்குத் தெரிவிக்கிறார். விசிறி, சந்தனக்கல், தண்ணீர்ப் பாத்திரம், சாளரம் என்று நகரத்தில் ஆரம்பித்த பட்டியலின் கடைசிப் பொருள் அரசிதான். 'கணவன் இல்லாத வீட்டில் மனைவி உபயோகமற்றுக் கிடக்கிறாள்' என்று கவி எங்கேயும் சொல்லவில்லை. சிலந்தி கட்டிய விசிறியை முன்னாலேயே காட்டிவிட்டதால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. இது வர்ணனை அல்ல. நாவலாசிரியர்கள் முந்நூறு பக்கத்தில் செய்ய முயன்று பெரும்பாலும் தோற்றுப்போகிற காரியம்.

நகரத்து வீடுகளில் சாளரத்தைச் சாத்திவிட்டு, அகன்ற வாயுள்ள கணப்புச் சட்டியில் நெருப்புக் காய்கிறார்கள் என்றும் பாட்டுச் சொல்கிறது. இன்றைக்கு ரஸாயனம் படித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் பதறுவார்கள். மூடிய அறையில் கரி நெருப்பை வைத்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற நஞ்சு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குபவன் தூங்கினபடியே போய்விடுவான். அந்த நகரத்து ஜனங்கள் பிழைத்திருந்தார்கள் என்றால், காரணம் ஒன்றே ஒன்றுதான்: கதவு எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தாலும் அது கதவு, சுவர் அல்ல. இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டுதான் இருந்திருக்கும். இங்கேதான் நக்கீரருடைய நகரத்துக்கும் நம்முடைய கொத்தனார் வைத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. அவர்கள் பருவத்துக்குச் சாத்தினார்கள். நாம் நிரந்தரமாக அடைக்கிறோம். சாத்தினது பங்குனியில் திறக்கும். அடைத்தது திறக்காது.

பாட்டு அதன்பிறகு அரண்மனைக்குப் போகிறது. நிழல் சாயாத உச்சிப் பொழுதில் நூல் பிடித்துத் திசை குறித்துக் கட்டிய அரண்மனை அது. கொடி பிடித்த யானை குனியாமல் நுழையும் வாசல். நாற்பது வயது நிறைந்த யானையின் தந்தத்தால் செய்த கட்டில். மேலே விதானத்தில் சந்திரனும் ரோகிணியும் எழுதியிருக்கிறார்கள். அரசி அண்ணாந்து பார்த்து அந்தச் சித்திரத்து ரோகிணியைக் கண்டு பெருமூச்சு விடுகிறாள். இந்தப் பகுதி நீளம்தான், கொஞ்சம் பாரமும்தான். கட்டிலுக்கு இவ்வளவு அடிகள் வேண்டுமா என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் ஒன்றைப் பாருங்கள். இந்த அறைக்குள் வந்தபிறகு வாடை பேச்சே எடுப்பதில்லை. வாடையைப் பெயராகவே கொண்ட பாட்டில், அதன் மையமான அறையில், வாடை வீசவில்லை. எல்லாக் கட்டுக்காவலும் சேர்ந்து காற்றை வெளியே நிறுத்திவிட்டன. அந்த அறையில் அசைவது அவளுடைய மூச்சு ஒன்றுதான்.

அடுத்த கணத்தில் காட்சி பாசறைக்கு மாறுகிறது. அங்கே சுவர் இல்லை, சாளரம் இல்லை, சாத்துவதற்குக் கதவும் இல்லை. வாடை தாராளமாக வீசுகிறது. ஒவ்வொரு முறை வீசும்போதும் விளக்குகளின் பருத்த சுடர்கள் தெற்கு நோக்கித் தலை சாய்கின்றன. குதிரைகள் உடம்பில் விழுந்த துளிகளை உதறுகின்றன. நழுவும் மேலாடையை இடக்கையால் பற்றிக்கொண்டு, வாள் தாங்கிய இளைஞன் ஒருவன் தோளில் வலக்கையை வைத்து அரசன் நடந்து வருகிறான். அவனுக்கு ஊர் ஞாபகம் வந்ததாகப் பாட்டில் ஒரு சொல் கிடையாது. அவன் கவனமெல்லாம் புண்பட்டவர்கள் மேல்.

வாடை வடக்கேயிருந்து வந்தால் சுடர் தெற்கே சாயத்தான் செய்யும். இதில் கவியின் கற்பனை ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்லக்கூடும். வாஸ்தவம். ஆனால், உரைகாரர் சொல்கிறபடி அரசன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று ஒப்புக்கொண்டால், வடக்கே படையெடுத்துப் போனவனுக்கு மதுரை தெற்கே இருக்கிறது. அந்தப் பாசறையில் இருப்பவற்றுள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பது விளக்கின் சுடர் ஒன்றுதான். அரசன் திரும்பவில்லை, காற்றுச் சுடரைத் திருப்புகிறது. அரண்மனையில் காற்று நுழையாமல் சாத்திவிட்டார்கள். இங்கே அதே காற்று அரசன் செய்யாததைச் செய்கிறது. கவி இதைச் சொல்லாமல் விட்டது உத்தமம். சொல்லியிருந்தால் பாட்டுக் கெட்டுப்போயிருக்கும்.

இப்போது வேப்பங்கொத்து வழக்குக்குத் திரும்பலாம். அகம் என்ற சொல்லுக்கு உள் என்றும் பொருள், மனம் என்றும் பொருள், வீடு என்றும் பொருள். அகத்துக்காரர், ஆத்துக்காரர் என்று இன்னும் சில வீடுகளில் வழங்குகிறார்களே, அந்த அகம்தான். வீட்டுக்கு வெளியே இருப்பது புறம். இரண்டுக்கும் நடுவே இருப்பது சுவர். அந்தச் சுவரில் இருக்கும் ஓட்டை அகத்தைச் சேர்ந்ததா, புறத்தைச் சேர்ந்ததா? இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் இல்லையோ, அப்படியே நெடுநல்வாடை எந்தத் திணை என்ற கேள்விக்கும் பதில் இல்லை. நக்கீரர் அகத்தையும் எழுதவில்லை, புறத்தையும் எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற சாளரத்தை எழுதினார். ஒரு காற்று, இரண்டு இடம். ஓரிடத்தில் அதை வெளியே நிறுத்திவிட்டார்கள். இன்னோரிடத்தில் நிறுத்த முடியவில்லை. இதுதான் பாட்டின் கட்டுக்கோப்பு என்பது என் அபிப்பிராயம். வேம்பை எடுத்துவிட்டாலும் இந்தக் கட்டுக்கோப்பு நிற்கும். காற்றை எடுத்துவிட்டால் நிற்காது.

இதற்கு நேர் எதிரான பாட்டு ஒன்றும் அதே பத்துப்பாட்டில் இருக்கிறது. அது திருவண்ணாமலைச் சீமையைச் சேர்ந்த பாட்டு என்பது இந்த ஊர்க்காரர்களில் பலருக்கே தெரியாது. மலைபடுகடாம் பாடும் நன்னன் செங்கண்மாவில் ஆண்டவன். அதுதான் இன்றைய செங்கம். சேயாறு அந்தப் பாட்டில் ஓடுகிறது. கூத்தர் கூட்டம் மலை வழியே நடக்கும்போது காதில் விழும் ஓசைகளையெல்லாம் பெருங்கௌசிகனார் அடுக்கிக்கொண்டே போகிறார். அருவியில் ஆடுபவர்களின் ஆரவாரம். முள்ளம்பன்றி தாக்கிய வேட்டுவனின் அழுகை. புலி கிழித்த கணவனுடைய புண் ஆற வேண்டும் என்று மனைவி பாடும் பாட்டு. குட்டியைப் பள்ளத்தில் இழந்த மந்தியின் ஓலம். கரும்பு ஆலையின் சத்தம். இங்கே ஒரு கதவும் இல்லை. மலை முழுவதும் திறந்த காதாக இருக்கிறது. ஆனால், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மலைபடுகடாத்தில் ஓசை நிறைய வருகிறது. எந்த ஓசையும் யாரையும் இரண்டாகக் கிழிப்பதில்லை. எல்லாம் திறந்திருக்கும் இடத்தில் நாடகம் நடப்பது கஷ்டம். உள்ளே வருவதற்குத் தடை இருந்தால்தான் வருவது எது என்று கவனிக்கிறோம்.

நெடுநல்வாடையின் பேரிலும் எனக்கு ஒரு பலமான ஆக்ஷேபணை உண்டு. தொடக்கத்தில் நடுங்கிய இடையர்கள் என்ன ஆனார்கள்? நகரத்து வாசலைத் தாண்டிய பிறகு கவி அவர்களைத் திரும்பிப் பார்ப்பதேயில்லை. சாளரத்தைச் சாத்திக்கொள்ளச் சாளரம் உள்ளவர்களின் துக்கத்தைத்தான் பாட்டு தொடர்ந்து செல்கிறது. சாத்துவதற்குச் சுவரே இல்லாதவர்கள் பருவத்தின் அடையாளமாக வந்து, அடையாளமாகவே மறைந்துவிடுகிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு படிக்கும்போது இது உறுத்துகிறது. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள், டிசம்பர் 1-ந் தேதி, கொட்டிய மழையில் அண்ணாமலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் வீட்டை மூடிவிட்டன. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். குன்று குளிர்ந்தது என்பது அன்றைக்கு உவமையாக இருக்கவில்லை. மலையடிவாரத்தில் இருந்தவர்களுக்கு மழைக்காலம் என்பது பிரிவுத்துயரின் பின்னணி அல்ல. அரண்மனைக் கட்டிலுக்குக் கொடுத்த அடிகளில் இரண்டை அந்த இடையர்களுக்காக நக்கீரர் ஒதுக்கியிருந்தால் பாட்டின் பெருமை குறைந்திருக்காது.

இவ்வளவு பழைய பாட்டைப் பற்றி இன்றைக்குப் பேசுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நம் நாவல்களில் வீடுகள் இருக்கின்றன; காற்று இல்லை. கூடம் எவ்வளவு அகலம், ஊஞ்சலில் எத்தனை பித்தளைக் குமிழ், சுவரில் யாருடைய படம் என்றெல்லாம் எழுதுகிறோம். வைகாசியில் அந்தக் கூடம் எப்படி இருந்தது, தையில் எப்படி இருந்தது என்று எழுதுவதில்லை. பத்து வருஷம் நடக்கும் கதையில் ஒரே சீதோஷ்ணம். யாருக்கும் சாரல் அடிப்பதில்லை. யாரும் ராத்திரியில் எழுந்து ஜன்னலைச் சாத்துவதில்லை. அதனால் பாத்திரங்கள் பேசுவதெல்லாம் அடைத்த அறையில் பேசுவது போல் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவர் விட்ட பெருமூச்சு முப்பதாம் அத்தியாயத்திலும் அங்கேயே தங்கியிருக்கிறது. துக்கத்தை அதிகமாக்கிக் காட்ட வேண்டுமென்றால் நாம் வசனத்தை அதிகமாக்குகிறோம். நக்கீரர் ஒரு விசிறியை மடக்கி முளையில் மாட்டினார்.

காற்றை மருந்தாக்கித் தலையில் தூக்கி வைக்கிறவர்களோடும் நான் சேரமாட்டேன். காற்று ஒரு காலத்தில் க்ஷயரோகத்துக்கே சிகிச்சையாக இருந்தது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய ஆரோக்கிய நிலையம் அந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். பிறகு 1956-ல் சென்னையில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. நோயாளிகளில் ஒரு பாதியை ஆரோக்கிய நிலையத்தில் வைத்தும், மறு பாதியை நெருக்கமான தங்கள் வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் வெளிவந்த முடிவு, இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமடைந்தது என்பது. குணப்படுத்தியது மருந்து, காற்று அல்ல. அதற்காகக் காற்றுக்கு வேலையில்லை என்றும் ஆகிவிடாது. கொரோனா பரவிய காலத்தில், 2021 மார்ச்சில், உலக சுகாதார ஸ்தாபனம் அறைகளுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று தனியாக வழிகாட்டி வெளியிட வேண்டி வந்தது. வந்த நோயைத் தீர்ப்பது வேறு. ஒருவர் விட்ட மூச்சு இன்னொருவர் மேல் தேங்காமல் பார்ப்பது வேறு. 1859-ல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் நோயாளியைப் பேணும் முறையைப் பற்றி எழுதியபோது முதல் விதியாக வைத்தது, அறைக்குள் காற்று வெளியே உள்ளதைப் போலச் சுத்தமாயிருக்க வேண்டும், ஆனால் நோயாளிக்குக் குளிரக் கூடாது என்பதைத்தான். இரண்டாவது பாதி முக்கியம். திறக்கவும் வேண்டும், குளிரவும் கூடாது. எழுத்தாளனுக்கும் இதுவே விதி.

வீட்டுக்காரர்கள் இந்தப் பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுதான். ஓட்டையில் செங்கல் வைக்காதீர்கள், கதவு வையுங்கள். ஒரு பலகை, இரண்டு கீல், கீழே தொங்கும் ஒரு கயிறு, இவ்வளவு போதும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போக வழி இருந்தால்தான் கழுத்தில் உறைக்கும். ஆகவே மழைக்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் உள்ளதைச் சாத்திவிட்டு, தெற்கில் உயரத்தில் இருக்கும் ஒன்றைத் திறந்து வைத்தால் வாடையும் உறைக்காது. சூடான காற்று மேலே ஏறி, ஈரத்தையும் புகையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். குரங்குக்குக் கம்பி, கொசுவுக்கு வலை, சாரலுக்கு வெளியே ஒரு சாய்ந்த பலகை. சமையல் அறையில் மட்டும் மேலே உள்ள ஓட்டை போதாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் படரும். அதற்குக் கீழேயும் ஒரு வழி வேண்டும்.

பழைய வீட்டைக் கட்டியவர்கள் சுவரில் இரண்டு விதமான குழி வைத்தார்கள். ஒன்று மாடக்குழி, அது சுவரில் பாதியோடு நின்றுவிடும். விளக்கு வைப்பதற்கு, காற்றுப் படாத இடமாகப் பார்த்து அதை வைத்தார்கள். மற்றொன்று சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். எதை எங்கே வைப்பது என்று தெரிந்ததுதான் அவர்களுடைய வித்தை. கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் இரண்டு வித விளக்கையும் பார்க்கலாம். வீட்டு மாடத்தில் அகலின் சுடர் ஆடாமல் நிற்கும். மலை உச்சியில், எந்த மறைப்பும் இல்லாத இடத்தில், கொப்பரைத் தீபம் வாடைக்குத் தக்கபடி சாய்ந்து எரியும். நெடுநல்வாடை இந்த இரண்டு சுடரையும் ஒரே பாட்டில் ஏற்றி வைத்திருக்கிறது. படிப்பவர்கள் வேப்பங்கொத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, சாத்தியிருக்கும் அந்தச் சாளரத்தின் முன்னே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.